மின்சாரம் இல்லாத புயல் இரவில் பவளத் தொட்டியைக் காப்பாற்றுவது எப்படி

300 லிட்டர் கடல்நீர் நிறைந்த ஒரு பவளத் தொட்டியில், நீர் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் பிரித்தெடுத்து எடைபோட்டால் ஏறக்குறைய 2 கிராம்தான் தேறும். அறைக் காற்றில் ஏழரை லிட்டர் எடுத்தால், அதாவது ஒரு சிறிய வாளி கொள்ளும் காற்றிலேயே, அதே அளவு ஆக்சிஜன் இருக்கிறது. மீன்கள், பவளங்கள், நத்தைகள், மணலுக்குள் வாழும் புழுக்கள், பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஆகிய அனைத்தும் இந்த 2 கிராமைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. பம்புகள் ஓடும்வரை நீரின் மேற்பரப்பு இடைவிடாமல் புரண்டுகொண்டிருப்பதால் செலவாகும் ஆக்சிஜன் காற்றிலிருந்து உடனுக்குடன் ஈடாகிவிடுகிறது. கையிருப்பு இவ்வளவு குறைவு என்பது நமக்குத் தெரிவதே இல்லை. புயலில் மின்சாரம் நின்ற கணத்தில் அந்த வரவு ஏறக்குறைய நின்றுபோகிறது, செலவு மட்டும் தொடர்கிறது.

மின்தடை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது விளக்கும் ஹீட்டரும்தான். தொட்டி இருளில் மூழ்கியிருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுவது இயல்பே. ஆனால் கையில் இருக்கும் மின்சாரம் எவ்வளவு குறைவானதாக இருந்தாலும் அதை முதலில் நீரை அசைப்பதற்கே செலவிட வேண்டும், வெப்பம் அதற்கு அடுத்தது, விளக்கு கடைசி. வழவழப்பான சிவப்புப் பாசிப் படலத்தை ஒழிப்பதற்காகப் பவளம் வளர்ப்பவர்கள் தாங்களாகவே மூன்று நாள்கள் விளக்கை அணைத்து வைப்பதுண்டு. பவளங்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் அவை மூன்று நாள்கள் தாங்குவதில்லை. நெருக்கமாக மீன் வளர்க்கப்படும் தொட்டியில் ஓர் இரவே போதும்.

மேற்பரப்பின் முக்கியத்துவம்

நன்னீர் மீன் வளர்த்த பழக்கத்தோடு பவளத் தொட்டிக்கு வருபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் தாங்குவது 6.7 மில்லிகிராம் அளவுதான். நீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் அது 6.2 ஆகக் குறைகிறது, அதே நேரத்தில் சூட்டினால் உயிரினங்களின் சுவாசம் வேகமடைந்து தேவை கூடுகிறது. பகலில் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையின் மூலம் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. விளக்கு அணைந்தபின் அவையும் சுவாசிக்கும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. இதனால்தான் எந்தத் தொட்டியிலும் விடியலுக்குச் சற்று முன்பு ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கிறது. மாலையில் நின்ற மின்சாரம் விடியும்வரை வராத புயல் இரவு மிகவும் ஆபத்தானது.

இன்னொரு காரணமும் உண்டு. தொட்டியின் நீர், மேல்மட்டத்தில் உள்ள வழிவாயான ஓவர்ஃப்ளோ வழியாக, கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்புக்கு வழிந்து செல்லும்போது மேற்பரப்பில் சேரும் புரதமும் எண்ணெய்ப் பசையும் அதோடு வாரிச் செல்லப்படுகின்றன. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் அந்தப் பசை மெல்லிய ஏடாகப் படியத் தொடங்குகிறது. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் வானவில் நிறத்தில் அது மின்னுவதைக் காணலாம். காற்றுக்கும் நீருக்கும் இடையே போர்வை விரித்ததுபோல் கிடக்கும் அந்த ஏட்டைக் கலைப்பதும் ஆக்சிஜன் கொடுப்பதும் ஒரே வேலைதான்.

பவளத்துக்கு நீரோட்டம் தேவைப்படுவதற்கு ஆக்சிஜனை நீரில் கரைப்பதையும் தாண்டிய ஒரு காரணம் இருக்கிறது. பவளத்தால் நீந்திச் சென்று புதிய நீரைத் தேட முடியாது. அதன் மேல்தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் நின்றுவிட்டால், தொட்டியின் மற்ற பகுதியில் ஆக்சிஜன் இருந்தாலும் பவளம் மூச்சுத் திணறும். செங்கடலில் பவளக் கிளைகளுக்கு இடையே உறங்கும் ஒருவகை டாம்செல் மீன்கள் இரவு முழுவதும் துடுப்புகளை அசைத்துக்கொண்டே இருப்பதையும், அந்த அசைவால் கிளைகளுக்கு இடையே புதிய நீர் புகுந்து பவளத்துக்கு ஆக்சிஜன் கிடைப்பதையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்த மீன் செய்யும் வேலையைத்தான் மின்தடை இரவில் நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

பேட்டரிக் கணக்கு

தயாரிப்பில் நேரம் செலவிடத் தகுந்த பகுதி இதுதான். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அதில் எத்தனை வாட்-மணி மின்சாரம் இருக்கிறது என்பது கிடைத்துவிடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 42 வாட்-மணி என்றே கணக்கில் கொள்ள வேண்டும். 4 வாட் எடுக்கும் ஏர் பம்பை அது ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓட்டும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியாக இருந்தால் பாதி என்பது 600 வாட்-மணி; தொட்டிக்குள் நீரோட்டத்தை உண்டாக்கும் அலை பம்பு ஒன்றை, மெதுவான வேகத்தில் 10 வாட் எடுக்குமானால், இரண்டரை நாள்கள் ஓட்ட அது போதும். அதே 600 வாட்-மணியை 200 வாட் ஹீட்டரிடம் கொடுத்தால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பேட்டரியில் ஹீட்டரை மாட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் எடுத்தால், பம்பு எடுக்கும் அளவுக்குமேல் இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். 5 வாட் பம்புக்காகப் பெரிய இன்வெர்ட்டரை இரவு முழுவதும் ஓட்டும்போது பேட்டரியின் பெரும்பகுதி இன்வெர்ட்டருக்கே போய்விடுவதுண்டு. டிசி மோட்டாரில் இயங்கும் அலை பம்பு உங்களிடம் இருந்தால், அதன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து, அதே வோல்ட் கொண்ட பேட்டரியோடு நேரடியாக இணைக்கும் வசதி அதற்கு உண்டா என்று அறிந்துகொள்வது நல்லது. 24 வோல்ட் பம்பை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் சில பம்புகள் மெதுவாக ஓடும், சில ஓடவே ஓடாது. புயல் இரவில் அதைச் சோதிக்க நேரம் இருக்காது. ஏசி பம்புகளை ஓட்டுவதாக இருந்தால் சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டரே ஏற்றது. கணினிக்காகச் செய்யப்பட்ட மலிவான யுபிஎஸ் கொடுக்கும் படிக்கட்டு அலையில் காந்த மோட்டார்கள் உறுமிச் சூடேறும்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதவர்களுக்கும் வழி இருக்கிறது. யுஎஸ்பி ஏர் பம்பு ஒன்று 1 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில் இழப்பு போக 30 வாட்-மணி கிடைக்கும். ஆக ஒரு நாள் முழுவதும் குமிழிகள் வந்துகொண்டிருக்கும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் எடுப்பது மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று எண்ணிச் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். நள்ளிரவில் அது அணைந்தால் உங்களுக்குத் தெரியாது. பம்பை மாட்டி முழுதாக இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபிறகே அந்த பவர் பேங்கை நம்பலாம்.

மின்சாரம் நின்றதும் தானாகவே ஓடத் தொடங்கும் ஏர் பம்புகளும் கிடைக்கின்றன. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் புயல் வந்தால் தொட்டியைக் காப்பது பெரும்பாலும் இவைதான் என்பதால், என் கருத்தில் பவளத் தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் வாங்க வேண்டியது இதுவே. ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் பின்னோக்கி நீர் வராமல் தடுக்கும் வால்வு ஒன்றை மாட்ட வேண்டும். இல்லையென்றால் பம்பு நின்றதும் தொட்டி நீர் மெல்லிய குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கி, அங்கிருந்து தரைக்கும் வந்துவிடும்.

பகலில் ஓர் ஒத்திகை

புயல் காலம் தொடங்குமுன் ஒருநாள், பகல் வெளிச்சத்தில், தொட்டிக்குச் செல்லும் மின்சாரம் முழுவதையும் நீங்களே நிறுத்திவிட்டு அருகில் அமர்ந்து பாருங்கள். முதலில் கவனிக்க வேண்டியது சம்பின் நீர்மட்டத்தை. சம்பிலிருந்து நீரைத் தொட்டிக்கு மேலேற்றும் பம்பு நின்றதும், ஓவர்ஃப்ளோவின் விளிம்பு வரையிலும், நீரேற்றும் குழாயின் முனை காற்றைத் தொடும் வரையிலும், தொட்டி நீர் கீழே இறங்கும். 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 7.2 லிட்டர், ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் 36 லிட்டர் சம்புக்கு வந்து சேரும். அதை ஏற்க சம்பில் இடம் இருக்க வேண்டும்.

முதன்முறை நான் இப்படிச் சோதித்தபோது நீர் இறங்குவது நிற்கவே இல்லை. பின்னோட்டத்தை முறிப்பதற்காக நீரேற்றும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளைத்திருந்த சிறு துளைக்குள் சுண்டுவிரல் நகம் அளவே இருந்த ஒரு நத்தை புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று நுழைய வழியில்லாததால் குழாய் தொட்டி நீரை உறிஞ்சிக் கீழே கொட்டிக்கொண்டே இருந்தது. சம்பின் விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவசரமாகப் பம்பைப் போட்டேன். நான் இல்லாத வேளையில் அது நிகழ்ந்திருந்தால், தரை நனைந்ததோடு நின்றிருக்காது. தரையில் கிடந்த மின்பலகையும் நனைந்திருக்கும். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் தூரிகையால் அந்தத் துளையைத் தேய்த்துவிடுகிறேன். நீர் இறங்கி நின்றபின் சம்பின் மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணாடியின்மேல் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்த மட்டம் இயல்பானது என்று தெரிந்தால், பதற்றத்தில் நீரை வெளியேற்றவோ நன்னீரைச் சேர்த்து உப்பின் அளவைக் கெடுக்கவோ மாட்டீர்கள்.

பேட்டரிப் பம்பை மாட்டுவது, கைவிளக்கு இருக்கும் இடம், வயரின் நீளம் எல்லாவற்றையும் அதே நாளில் சரிபார்த்துவிடலாம். மின்பலகைகளைத் தரையிலிருந்து உயர்த்திச் சுவரில் பொருத்துவதும், ஒவ்வொரு வயரும் பிளக்கை அடையுமுன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு விடுவதும், வழியும் உப்புநீர் வயரைப் பிடித்துக்கொண்டு பிளக்குக்குள் இறங்காமல் தடுக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தபின்

புயல் எச்சரிக்கை வந்ததிலிருந்து உணவு போடுவதை நிறுத்திவிடுங்கள். உண்ட மீன் செரிமானத்துக்காகக் கூடுதல் ஆக்சிஜன் எடுக்கிறது, கழிவும் கூடுகிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும் மீன்களுக்குச் சில நாள் பட்டினி ஒரு பொருட்டல்ல. தொட்டிக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கான உப்புநீரைக் கலந்து, மூடியுள்ள பாத்திரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் வடிகட்டி நீர் எடுக்கவும் முடியாது, குழாயில் நீர் வராமலும் போகலாம். நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் காலி செய்து, வடிகட்டும் பஞ்சைக் கழுவி, பேட்டரிகள் அனைத்தையும் முழுவதும் சார்ஜ் செய்துவிடுங்கள். வெப்பமான பருவத்தில், ஒரு லிட்டர் பாட்டில்களில் வடிகட்டிய நீரை முக்கால் பங்குக்கு மேல் போகாமல் நிரப்பி உறையவையுங்கள்; உறையும்போது நீர் விரிவடையும் என்பதால் அந்த இடைவெளி தேவை.

வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்படலாம். அப்போது தொட்டி மூடியை நீக்கி, மீன் குதித்துவிடாதபடி வலை ஒன்றை விரித்து, தானியங்கி ஏர் பம்பை மாட்டிவிட்டு, தயங்காமல் புறப்படுங்கள். உங்கள் உயிருக்கு இணையாகத் தொட்டியில் எதுவும் இல்லை.

மின்சாரம் போன பிறகு

முதலில் ஹீட்டர், விளக்கு, ஸ்கிம்மர், மேலேற்றும் பம்பு ஆகியவற்றின் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது வோல்ட் ஏறி இறங்கி அவற்றைக் கெடுக்காமல் இருக்கவும், நீங்கள் உறங்கும்போது அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்காமல் இருக்கவும் இது உதவும். பிறகு தொட்டி மூடியைத் திறந்துவிட்டு, பேட்டரியில் இயங்கும் பம்பை மாட்டுங்கள். அலை பம்பாக இருந்தால் அதன் முகத்தைச் சற்றே மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு நெளிந்து சுருக்கம் விழுமாறு வையுங்கள். சத்தமும் தெறிப்பும் தேவையில்லை, ஏடு படியாதபடி நெளிந்தால் போதும். ஏர் பம்பாக இருந்தால், குழாய் முனையில் குமிழிகளை வெளிவிடும் காற்றுக் கல்லைத் தொட்டியின் அடிவரை இறக்க வேண்டாம். சிறிய பம்புகளுக்கு ஆழத்தின் அழுத்தத்தைத் தள்ளும் வலு இல்லை. ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் ஆழத்தில் வைத்தால் குமிழிகள் நிறைய வரும். ஆக்சிஜன் பெரும்பாலும் குமிழிக்குள்ளிருந்து நீருக்கு வருவதில்லை. குமிழிகள் எழும்போது கீழே உள்ள நீரையும் இழுத்து மேலே கொண்டுவந்து காற்றோடு உறவாட வைக்கின்றன. உண்மையான பயன் அதுதான். கல்லைத் தொட்டியின் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி வைத்தால் நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் சுழற்சி உருவாகும்.

பேட்டரி எதுவும் இல்லையென்றால் கைதான் பம்பு. சோப்பு வாசனை இல்லாமல் கழுவிய ஒரு லிட்டர் குவளையை ஆழமாக அமிழ்த்தி மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டியின் மறுகோடியில், மணலும் பவளமும் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றுங்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து பத்து நிமிடங்கள் இதைச் செய்துவந்தால், மீன் அளவாக உள்ள தொட்டியை ஓர் இரவு கடத்திவிட முடியும். கை வலிக்கும், வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்துக்கொள்வது நல்லது. மணலை மட்டும் எக்காரணம் கொண்டும் கிளறாதீர்கள். அதன் அடியடுக்கில் ஆக்சிஜன் இல்லாத பகுதியில் தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நச்சு நீரில் கலந்துவிடும்.

புயலுக்காக எல்லாக் கதவும் சன்னலும் அடைக்கப்பட்ட அறையில் பலர் கூடியிருந்தால் அறைக் காற்றிலேயே கரியமில வாயு கூடும். அது நீரிலும் கரைந்து, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைக் கீழே இழுக்கும். மழை அடிக்காத பக்கத்துச் சன்னல் ஒன்றைச் சற்றே திறந்துவிட முடிந்தால் தொட்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஆக்சிஜன் குறைவதைக் கருவி இல்லாமலே அறியலாம். கைவிளக்கோடு தொட்டியைச் சுற்றிப் பாருங்கள். நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்தின் கோட்டில் வந்து நிற்கும். பாறைக்குள் ஒளிந்திருக்கும் முள்புழுக்கள் வெளியே வந்து தலை நீட்டும். நட்சத்திர மீன்களின் உறவினங்களான பாம்புநட்சத்திரங்கள் மேலே ஏறிக் கைகளை உயர்த்தும். மீன்கள் செவுள்களை வேகமாக அடித்துக்கொண்டு மேற்பரப்பில் வாயைத் திறந்து நிற்பது இதற்கெல்லாம் அடுத்த கட்டம். ஓயாமல் நீந்தும் சர்ஜன் மீன்களும் ஆந்தியாஸ் மீன்களும் முதலில் துவளும். கோமாளி மீன்களும் கோபி மீன்களும் அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். பவளங்களில், அக்ரோபோரா போன்ற நுண்வாய்ப் பவளங்கள் நீரோட்டம் நிற்பதை மிகக் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும். தோல் பவளங்களும் சோவாந்தஸ் பவளங்களும் சுருங்கி மூடிக்கொண்டு காத்திருக்கும். அதனால் ஒரே ஒரு பம்புதான் இருக்கிறதென்றால் அதை அக்ரோபோரா இருக்கும் பக்கத்தில் வையுங்கள்.

சம்பை மறக்க வேண்டாம். மேலேற்றும் பம்பு நின்ற நிலையில் சம்பு தனித் தேக்கமாகிவிடுகிறது. அதில் பாசி வளர்த்தால் இரவில் அதுவும் ஆக்சிஜனைக் குடிக்கும். ஆறேழு மணி நேரத்துக்கு மேல் மின்தடை நீண்டால், முடிந்தால் அங்கேயும் ஒரு காற்றுக் கல்லைப் போடுங்கள். முடியாவிட்டால், அந்த நீரை அப்படியே தொட்டிக்கு அனுப்பக் கூடாது என்பதையாவது நினைவில் வையுங்கள்.

குளிரும் வெப்பமும்

நீர் வெப்பத்தை மெதுவாகத்தான் விடும். அதுவும் பெரிய தொட்டி மிக மெதுவாகவே குளிரும். 60 லிட்டர் தொட்டிக்குச் சில மணி நேரமே அவகாசம் உண்டு. 600 லிட்டர் தொட்டி ஓர் இரவைப் பெரிய மாற்றமில்லாமல் கடந்துவிடக் கூடும். பவளத் தொட்டிகள் பொதுவாக 24 முதல் 27 டிகிரிக்குள் வைக்கப்படுகின்றன. மெதுவாக 21 அல்லது 22 டிகிரிக்கு இறங்குவதைப் பெரும்பாலான உயிர்கள் தாங்கும். 30 டிகிரிக்கு மேல் போவதுதான் அதைவிடக் கவலைக்குரியது. குளிர் சுவாசத்தைத் தணித்து ஆக்சிஜனை மிச்சப்படுத்துகிறது, சூடு அதற்கு நேர்மாறாகச் செய்கிறது.

குளிரும் இடத்தில் தொட்டியின் நான்கு பக்கங்களையும் கம்பளியால் சுற்றுங்கள். மேல்பகுதியை முழுவதும் மூடாமல் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். அடுப்பில் நீர் காய்ச்ச வசதி இருந்தால், சூடு தாங்கும் பாட்டில்களில் அதை ஊற்றி இறுக மூடி, தொட்டியில் மிதக்கவிடலாம். 60 டிகிரி சூட்டில் உள்ள ஒரு லிட்டர் பாட்டில், 100 லிட்டர் நீரை ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி உயர்த்தும்; ஆகவே பல பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். பாட்டில்கள் தொட்டியில்தான் மிதக்க வேண்டும். சம்பில் போட்டால் சூடு அங்கேயே தங்கிவிடும்.

வெப்பமான இடத்தில் உறைந்த பாட்டில்கள் உதவும். ஒரு கிலோ பனிக்கட்டி முழுவதும் உருகித் தொட்டி நீரின் வெப்பத்தை எட்டும்போது 100 லிட்டர் நீரை ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்வித்திருக்கும். இந்த ஒற்றைக் கணக்கை வைத்து எத்தனை பாட்டில் தேவை என்று நீங்களே முடிவு செய்யலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டியில் போடாதீர்கள். உப்பின் அளவு குறைந்துவிடும். பேட்டரி விசிறி ஒன்று நீர்மட்டத்தின்மீது வீசிக்கொண்டிருந்தால் ஆவியாதல் மூலம் இன்னும் சிறப்பாகக் குளிரும்: ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், ஒரு கிலோ பனிக்கட்டி எடுப்பதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆவியானது நன்னீர் மட்டுமே என்பதால் குறைந்த அளவை வடிகட்டிய நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். அப்போது ஒத்திகை நாளில் போட்ட கோடு கைகொடுக்கும். மழைக்காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது விசிறியின் பலன் குறையும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

ஜெனரேட்டர் இருந்தால் ஹீட்டர் உட்பட எல்லாவற்றையும் ஓட்டலாம். நாள் முழுவதும் ஓட்டத் தேவையில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டி, பேட்டரிகளைச் சார்ஜ் செய்து, நீரின் வெப்பத்தைச் சரிசெய்துவிட்டு நிறுத்தலாம். ஆனால் அதை வீட்டுக்குள்ளோ, மூடிய வண்டிக் கொட்டகையிலோ, திறந்த சன்னலுக்கு அருகிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்குமாறு வையுங்கள். வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு அதிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் எடுப்பதற்கும் இதே விதி பொருந்தும். ஜெனரேட்டரின் வயரைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகி வீட்டு இணைப்பு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க முயல்வது, வெளியே கம்பி சரிசெய்துகொண்டிருக்கும் ஊழியரைக் கொன்றுவிடக் கூடிய செயல். வெள்ளநீர் அறைக்குள் வந்துவிட்டால், நனைந்த மின்பலகையைத் தொட நீரில் இறங்காதீர்கள்.

மின்சாரம் திரும்பும்போது

பல தொட்டிகள் மின்தடையைத் தாங்கிக்கொண்டு, மின்சாரம் வந்த பிறகு கெடுகின்றன. வோல்ட் நிலைப்பட இருபது நிமிடங்களாவது பொறுத்திருங்கள். கடற்சாமந்தி வளர்ப்பவர்கள் முதலில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நீரோட்டம் நின்ற இரவில் அது இடம்பெயர்ந்து, ஓடாமல் கிடந்த பம்பின் துளைகள்மேல் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. பார்க்காமல் பம்பைப் போட்டால் அது நறுக்கப்பட்டு, தொட்டி முழுவதும் நஞ்சாகிவிடும். அதோடு, இறந்த மீனோ நத்தையோ கடல்வெள்ளரியோ கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

குப்பி வடிவ வெளி வடிகட்டி இருந்தால் அதைத் திறக்காமல் ஓட்டக் கூடாது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் அங்கிருந்த சிறிதளவு ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிட்டு இறக்கத் தொடங்கியிருக்கும். ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் உள்ளே உள்ள நீரைக் கொட்டிவிட்டு, வடிகட்டும் பொருள்களை உப்புநீரில் அலசிய பிறகே இணைக்க வேண்டும். சம்பையும் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த நீரை வெளியேற்றி, தயாராக வைத்திருக்கும் உப்புநீரால் நிரப்புங்கள்.

அலை பம்புகளை முதலில் ஓட்டுங்கள், பிறகு மேலேற்றும் பம்பை. ஹீட்டரை மாட்டுமுன் அது நீரில் முழுதாக மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வெப்பம் உயராதபடி படிப்படியாக ஏற்றுங்கள். ஸ்கிம்மர் முதல் நாள் அளவுகடந்து நுரைக்கும். அதைக் குறைந்த அளவில் வைத்து, கோப்பையை அடிக்கடி பார்க்க வேண்டும். கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியாவை அன்று சோதிப்பது மிகவும் முக்கியம். மின்தடையின்போது கரியமில வாயு தேங்கிப் பிஎச் இறங்கியிருப்பதால், சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பம்புகள் ஓடத் தொடங்கி அந்த வாயு வெளியேறும்போது பிஎச் ஏறும், 0.3 ஏறினாலே நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். இரவெல்லாம் உயிரோடு இருந்த மீன்கள் காலையில் பம்பு ஓடத் தொடங்கியபின் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சோதனையில் அம்மோனியா தெரிந்தால், அதைப் பிணைத்து நச்சைத் தணிக்கும் மருந்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாமல் ஊற்றிவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பனையும் (செயலூட்டிய கரி) வடிகட்டியில் வையுங்கள்.

விளக்கை ஒரு நாளுக்கு மேல் அணைத்து வைத்திருந்தால் முதல் நாளிலேயே முழு ஒளியையும் கொடுக்க வேண்டாம். பாதி ஒளியில் தொடங்கி மூன்று நான்கு நாள்களில் பழைய அளவுக்கு வாருங்கள். உணவை மறுநாள் ஒரு சிட்டிகை அளவில் தொடங்கலாம். அக்ரோபோரா கிளைகளின் அடிப்பகுதியில் வெண்மையாகத் தசை உரிவது சில நாள் கழித்தும் தொடங்கக் கூடும். கண்டவுடன் உரிந்த இடத்துக்குச் சற்று மேலே, நலமாக உள்ள பகுதியில் வெட்டியெடுத்து வேறு பாறையில் ஒட்டினால் அந்தக் கிளையாவது பிழைக்கும்.

மின்சாரம் வந்த அன்றே பேட்டரிகளைச் சார்ஜில் போட்டு, பாட்டில்களை மீண்டும் உறையவைத்து, செலவான உப்புநீருக்கு ஈடாகப் புதிதாகக் கலந்து வையுங்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அதைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். புயலுக்குப் பின் கம்பிகளைச் சரிசெய்யும் நாள்களில் மின்சாரம் முன்னறிவிப்பில்லாமல் மீண்டும் நிற்பதுண்டு, அப்போது தொட்டி முதல் இரவின் களைப்பிலிருந்து இன்னும் தேறியிருக்காது.